இரட்டைப்படைக் கோடுகளில் இருந்தவர்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்.

கம்ப்யூட்டர் முன்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி நான். என் இடப்பக்கம், டிஸ்க் துடைக்கும் மேசையை ஒட்டிய ஸ்டூலில் என் மனைவியின் தம்பி. ஒரு காலத்தில் வீடு வீடாகக் கேபிள் இழுத்துக் கொடுத்தவன். அதனால் எல்லாருக்கும் அவன் கேபிள்தான், பெற்ற தாய் உட்பட. கதவுப் பக்கம் பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில், மருந்துக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண். டிஸ்க் கொடுக்க வந்தவர். எனக்கும் அவருக்கும் நடுவில், சுவரை ஒட்டி ஒரு மர நாற்காலி. அதில் யாரும் இல்லை. அந்தப் பெண்ணின் கைப்பை மட்டும் இருந்தது.

யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது நடுராத்திரியில் இல்லை. வியாழக்கிழமை மதியம், இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஆரம்பித்தது. வெளியே மழை. கீழே ஜெராக்ஸ் கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. கற்பனை செய்யும் பழக்கமும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு நான் வாங்கிய மதிப்பெண்ணே அதற்குச் சாட்சி. கீழே வரும் நேரங்கள் எல்லாம் என் வேலை நோட்டில் அப்போதைக்கப்போது குறித்தவை.

எங்கள் வேலை, பழைய வீடியோ டிஸ்க்குகளைப் புது ஃபைலாக மாற்றிக் கொடுப்பது. அந்தப் பெண் கொண்டுவந்த டிஸ்க்கின் ஓரத்தில் வெள்ளிப்பூச்சு உரிந்து, கண்ணாடி போலத் தெரிந்தது.

"எங்க மாமாவோட ரிட்டயர்மென்ட் விழா அண்ணே. பஸ் டிப்போவுல எடுத்தது. முப்பத்து மூணு வருஷம் டிரைவரா இருந்தாரு."

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதினாறு. இதுல எங்க அத்தை வர்றாங்களாம். அவங்க இருக்குற வீடியோ இது ஒண்ணுதான்னு மாமா சொல்லுவாரு. நான் அத்தையை நேர்ல பாத்ததே இல்ல. நான் வாழ வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. சுவத்துல ஒரு ஃபோட்டோ இருக்கு, அவ்வளவுதான்."

அந்த டிரைவருக்கு ஒரு கண் போய்விட்டது. மற்றதும் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் மனைவியை ஒருமுறை பார்க்க வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். ஆனால் வீட்டில் இருந்த பழைய குண்டு டி.வி. போன மாதம் புகைந்துபோனது.

"புது டி.வி.ல போட்டா அத்தை வரலைங்கறாரு. பழசுல வந்தாளே, எங்க போனான்னு என்னைக் கேக்குறாரு. எங்க வீட்டுக்காரரு கப்பல்ல வேலை. ஃபோன்ல சொன்னா, அப்பாவுக்கு வயசாயிருச்சும்பாரு, வெச்சிருவாரு."

கேபிள் துணியிலிருந்து தலை தூக்கினான். "டி.வி. மாத்துனா மாமியார் காணாமப் போயிருவாங்களா? இது வெளிய தெரிஞ்சா டி.வி. கடையில கூட்டம் தாங்காது தங்கச்சி."

"மாமியாரே இல்லாத வீட்டுக்கு வந்தவ நான். எனக்கு எந்த டி.வி.யா இருந்தா என்ன" என்றார் அந்தப் பெண். மூவரும் சிரித்தோம். அன்று நாங்கள் சிரித்தது அதுதான் கடைசி.

2.05. டிஸ்க்கை உள்ளே போட்டேன். ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்... என்று தடுமாறித் தடுமாறி ஓடியது. 2.31-க்கு ஐம்பத்திரண்டு நிமிட விழாவும் கம்ப்யூட்டரில் பத்திரமாக இறங்கியது. வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி போட்டேன். 'டிஸ்க் இல்லை' என்று வந்தது. மூன்று மிஷினில் போட்டுப் பார்த்தோம். மூன்றிலும் இல்லை. இனி இருப்பது நான் எடுத்த அந்த ஒரு நகல் மட்டும்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். அந்தக் காலத்துக் கேமரா ஒரு படத்தை ஒரே மூச்சில் எடுக்காது. முதலில் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படைக் கோடுகளை எடுக்கும். ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைப்படைக் கோடுகளை எடுக்கும். பழைய டி.வி. இந்த இரண்டு பாதிகளையும் மாற்றி மாற்றிக் காட்டும். நம் கண் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். மாற்றும்போது பாதிகளை அப்படியே விட்டால் அது இன்டர்லேஸ்டு. முழுப் படமாக ஆக்கினால் புரோகிரஸிவ். முழுப் படமாக்க இரண்டு பாதியையும் சும்மா ஒட்டினால், நடுவே அசைந்த கை, கால், மின்விசிறி இதிலெல்லாம் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வரும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். புது டி.வி.க்கள் தாமாகவே ஒரு பாதியை விட்டுவிட்டு மற்றதை வைத்து முழுப் படமாக நிரப்பிக்கொள்ளும்.

அதனால் பத்து வருடமாக எனக்கு ஒரே விதி. இரட்டைப்படையை வெட்டு, ஒற்றைப்படையை வைத்து நிரப்பு, புரோகிரஸிவ் போடு. ஆயிரத்து நானூறு டிஸ்க் அப்படித்தான் முடித்திருக்கிறேன். ஒருவரும் குறை சொன்னதில்லை. இன்னொரு பழக்கம், வேலை செய்யும்போது சத்தத்தை அணைத்துவிடுவேன். விழாவுக்கு விழா வாழ்த்துரையைக் கேட்க என்னால் ஆகாது.

அசைவதில்தான் பல் வரும். அசையாதது சுத்தமாக இருக்கும். இதையும் நினைவில் வையுங்கள்.

2.40. வெட்டுவதற்கு முன் எப்போதும் ஒரு துண்டை ஒட்டிப் பார்ப்பேன். அப்படிப் பார்த்தேன். பஸ் டிப்போ கொட்டகை. கேமராவை முக்காலியில் நிறுத்தி, மேடை ஓரத்திலிருந்து கூட்டத்தைப் பார்த்து எடுத்திருந்தார்கள். முன்வரிசையில் காக்கிச் சட்டையில் டிரைவர், முழங்காலில் கை வைத்தபடி. அவருக்கு வலப்பக்கம் ஒரு காலி நாற்காலி.

"அத்தை எங்கண்ணே?"

"தேடுவோம்."

பேசுபவரின் கையில் சீப்புப் பல். சரி. மின்விசிறியில் பல். சரி. தூண், மேசை, டிரைவர் எல்லாம் சுத்தம்.

காலி நாற்காலியில் பல்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நாற்காலி அசையவில்லை. யாரும் அதைத் தொடவில்லை. ஆனால் அதன் முதுகிலும் இருக்கையிலும் கோடு கோடாக... கூர்மையாக.

"டிஸ்க் கோளாறு" என்றான் கேபிள்.

"கோளாறுன்னா படம் பூரா வரணும். ஒரு நாற்காலியில மட்டும் வருமா?"

2.52. இரண்டு பாதிகளையும் தனித்தனியாகப் பிரித்தேன். ஒற்றைப்படையைப் போட்டேன். காலி நாற்காலி. சுத்தம்.

இரட்டைப்படையைப் போட்டேன்.

நாற்காலியில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார்.

நீல உடை. தோள் வழியே முன்னால் விழுந்த பின்னல். முகத்தைத் திருப்பி டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை" என்றார் அந்தப் பெண். குரலில் பயம் இல்லை; சந்தோஷம்தான். "ஃபோட்டோவுல இருக்குற அதே அத்தை. மாமா சொன்னது நெசம்தான்."

ஒற்றைப்படைக்குப் போனேன். இல்லை. இரட்டைப்படைக்கு வந்தேன். இருக்கிறார். மறுபடி ஒற்றைப்படை. இல்லை.

கேபிள் மெதுவாகக் கேட்டான். "ஒரு பாதியில இருக்காங்க. அடுத்த பாதியில எங்க போயிட்டு வர்றாங்க?"

நொடிக்கு இருபத்தைந்து தடவை.

நான் இரட்டைப்படையிலேயே நிறுத்திக்கொண்டு முன்னால் ஓட்டினேன்.

பத்தாவது நிமிடம். டிரைவரைப் பார்க்கிறார்.

இருபதாவது நிமிடம். டிரைவரைப் பார்க்கிறார். ஆனால் முகவாய் கொஞ்சம் இந்தப் பக்கம்.

3.09. முப்பதாவது நிமிடம். பாதி முகம் தெரிகிறது. சுற்றிலும் எல்லாரும் கை தட்டுகிறார்கள். அவர் தட்டவில்லை.

நாற்பத்தொன்று.

கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேமராவை என்றா எழுதினேன்... இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தோம். முதலில் கேபிள். அடுத்த படத்தில் நான். அதற்கு அடுத்ததில் கதவுப் பக்கம். ஒவ்வொருவராக.

"நிறுத்துங்கண்ணே" என்றார் அந்தப் பெண்.

நான் நிறுத்தவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நாற்பத்து நான்கு. எழுந்து நின்றார்.

நாற்பத்தேழு. நாற்காலி காலி.

"போயிட்டாங்க" என்றான் கேபிள்.

படத்தின் அடி ஓரத்தில் ஏதோ. பெரிதாக, மங்கலாக. கேமராவுக்கு மிகப் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றால் எப்படி இருக்குமோ அப்படி.

ஐம்பது. திரை முழுக்க நீலம்.

3.21. கரண்ட் போனது.

திரை அணைந்தது. கீழே ஜெராக்ஸ் மிஷின் நின்றது. மழைச் சத்தம் மட்டும்.

பிறகு...

க்றீச்.

மரச் சத்தம்.

அந்த அறையில் மரத்தால் ஆன நாற்காலி ஒன்றுதான்.

மூவரும் திரும்பினோம். ஜன்னல் வெளிச்சம் இருந்தது, தெளிவாகவே தெரிந்தது. சுவரை ஒட்டியிருந்த நாற்காலி ஒரு முழம் முன்னால் வந்திருந்தது. அணைந்த திரையைப் பார்த்தபடி திரும்பியிருந்தது. கைப்பை தரையில், வார் மடிக்கப்பட்டு, ஓரமாக வைக்கப்பட்டிருந்தது.

"பையை நீங்களா கீழ வெச்சீங்க?"

"நான் எழுந்திரிக்கவே இல்லண்ணே."

3.22 என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை.

கரண்ட் வந்ததும் அந்தப் பெண் எழுந்தார். பையை எட்டி எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, எனக்கு அந்தக் கோடு வேணாம். நீங்க எப்பவும் போடுற மாதிரி சுத்தமாப் போட்டுக் குடுங்க. அத்தை வரலைன்னு மாமாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"அவரு பார்வை..."

"தெரியும்ணே. தெரிஞ்சுதான் சொல்றேன்."

3.40-க்குப் படி இறங்கிப் போனார்.

அன்று மாலை 6.10. கடைத் தொலைபேசி அடித்தது. வயதான குரல்.

"தம்பி, நான் டிரைவர் பேசுறேன். என் மருமக உங்க கடையில இருந்து வந்ததும் ஒரு வாய் சாப்பிடல. என்னன்னு கேட்டா தலைவலிங்குது. அவளைப் பாத்தீங்களா?"

யாரை என்று நான் கேட்கவில்லை. "பாத்தேங்க ஐயா."

"எங்க உக்காந்திருந்தா?"

"உங்களுக்கு வலப்பக்கம்."

"ம். யாரைப் பாத்துட்டு இருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "முதல்ல உங்களை. கடைசியில... எங்களை."



"பதினாறு வருஷமாப் போட்டுப் பாக்குறேன் தம்பி. ஒரு தடவைகூட அவ முகத்தைத் திருப்பினதில்ல. என்னைத்தான் பாத்துட்டே இருப்பா."

"ஐயா..."

"டி.வி. புகைஞ்சதுல இருந்து இடம் கிடைக்காம அலையுறா போல. அவளுக்கு வழி தெரியாது. என் வண்டியைத் தவிர வேற பஸ்ஸுல ஏறினதே இல்ல. அனுப்பி வெச்சிருங்க. கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கு. அதுக்குள்ள."

வைத்துவிட்டார்.

வெள்ளி காலை 9.15. பத்து வருடத்தில் முதல்முறையாக விதியை மாற்றினேன். இன்டர்லேஸ்டு. எந்தப் பாதியையும் வெட்டவில்லை. ஒற்றைப்படை முதலில், இரட்டைப்படை அடுத்து என்று வரிசையையும் இரண்டு முறை சரிபார்த்தேன். 10.20-க்குப் புது டிஸ்க் தயார். மூலையில் சோதனைக்காக வைத்திருக்கும் குண்டு டி.வி.யில் போட்டேன். அவருக்குப் போகும் டிஸ்க் என்பதால் சத்தத்தையும் வைத்தேன்.

டிரைவர் உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் காலி.

ஒரு நிமிடம்... மூன்று நிமிடம்... காலி. பாதிகளைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டிலும் காலி. நேற்று எடுத்த நகலைத் திறந்தேன். அதிலும் காலி. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நாற்காலியில் ஒரு பல்கூட இல்லை.

டி.வி. தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது நிமிடத்தில் டிப்போ மேனேஜர் பேச ஆரம்பித்தார். நேற்று நான் சத்தத்தை அணைத்துவைத்திருந்த அதே பேச்சு. நான் கேட்டது இது:

"இவருடைய மனைவி காலமாகி நான்கு வருடம் ஆகிறது. இன்று அவர் இருந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார். தன் பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம் என்று நம் டிரைவர் கேட்டுக்கொண்டார். அப்படியே காலியாக வைத்திருக்கிறோம்."

கேபிள் கதவுக்கு வெளியே நின்றிருந்தான். காலையில் வந்ததிலிருந்து உள்ளே வரவில்லை.

"அத்தான். விழா நடக்குறதுக்கு நாலு வருஷம் முன்னாடியேவா போயிட்டாங்க?"

"ஆமா."

"அப்போ டிஸ்க்குல இல்லன்னா..."

இருவரும் மர நாற்காலியைப் பார்த்தோம். நேற்று 3.22-க்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. சுவருக்கு ஒரு முழம் முன்னால்.

செய்ய வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அலமாரியிலிருந்து பழைய கேமராவை எடுத்தேன். பாதி பாதியாகப் படம் எடுக்கும் அந்தக் காலத்துக் கேமரா. முக்காலியில் நிறுத்தி நாற்காலியை ஒரு நிமிடம் எடுத்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றி இரண்டு பாதியையும் ஒட்டினேன்.

சுவர் சுத்தம். தரை சுத்தம்.

"அத்தான்" என்றான் கேபிள். "பல்லு."

பாதிகளைப் பிரிக்கவில்லை. பிரிக்கத் தைரியமில்லை. இந்தப் பத்து வருடத்தில் ஆயிரத்து நானூறு டிஸ்க்கின் இரட்டைப்படையில் நான் யார் யாரையெல்லாம் வெட்டி எறிந்தேனோ என்று நினைத்தேன். பிறகு அதை நினைப்பதையும் நிறுத்திக்கொண்டேன்.

11.05. சரக்கு வண்டிக்குச் சொல்லி அனுப்பினேன். குண்டு டி.வி.யை முதலில் இறக்கினோம். அடுத்து நாற்காலி. நான் முன்கால்களையும் கேபிள் பின்கால்களையும் பிடித்துக்கொண்டோம். படியில் திரும்பும்போது அவன் விரல் இருக்கைப் பலகையில் பட்டுவிட்டது.

"சூடா இருக்கு" என்றான். "இப்பத்தான் எழுந்த மாதிரி."

"பேசாம வா."

"எழுந்தாங்களா, இல்ல இன்னும்..."

"கேபிள். பேசாம வா."

வண்டியின் பின்தட்டில் டி.வி.யைப் போர்வை சுற்றி வைத்தோம். நாற்காலியின் முதுகை முன்பக்கத் தடுப்போடு சேர்த்து நைலான் கயிற்றால் கட்டினேன். அதாவது, நாற்காலி பின்பக்கம், எங்கள் கடையைப் பார்த்து இருந்தது. முடிச்சை நானே போட்டேன். நான்கு முடிச்சு.

"நான் கூடப் போகணுமா?"

"டி.வி.யை யாரு மாட்டிக் குடுப்பா?"

"போறேன். முன்னாடிதான் உக்காருவேன். கண்ணாடியைத் திருப்பி வெச்சிடுவேன். பின்னாடி பாக்க மாட்டேன்."

அவனைக் கீழே நிற்க வைத்துவிட்டு மேலே வந்து கடிதம் எழுதினேன். ஒரு கண்ணில் மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் படிக்க வேண்டும் என்பதால், கறுப்பு மையில், எழுத்துக்கு அரை அங்குலம். மூன்று தாள் ஆனது.

'மதிப்பிற்குரிய டிரைவர் ஐயா அவர்களுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல். நிற்க. இத்துடன் அனுப்பியிருப்பவை: டிஸ்க் ஒன்று. பழைய மாடல் டி.வி. ஒன்று. மர நாற்காலி ஒன்று. டிஸ்க்கை இந்த டி.வி.யில் மட்டும் போடவும். போடும் முன் நாற்காலியைத் தங்கள் வலப்பக்கம் போட்டுக்கொள்ளவும். அதில் பை, துணி எதுவும் வைக்க வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லவும். டிஸ்க்கில் இப்போது அவர்கள் இல்லை. தாங்கள் போட்டால் வந்துவிடுவார்கள் என்று நம்புகிறேன். வியாழக்கிழமை எங்கள் அறையில் இருந்தவர்கள் மூவர் என்று என் நோட்டில் எழுதியிருந்தேன். அதை நால்வர் என்று திருத்திவிட்டேன்.'

கீழே கையெழுத்துப் போட்டேன். மடித்து உறையில் வைத்தேன். பசை தடவி, விளிம்பை நகத்தால் இரண்டு முறை தேய்த்து ஒட்டினேன். 11.50. கீழே போய்க் கேபிளின் சட்டைப்பையில் நானே வைத்தேன்.

வண்டி கிளம்பியது. நான் கடை வாசலில் நின்றேன். நேரான தெரு. முனையில் இடப்பக்கம் ஒரு திருப்பம். அதுவரை மறைப்பு எதுவும் இல்லை; வண்டியை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

திருப்பத்தில் வண்டி மெதுவானது. பின்தட்டு முழுதாகத் தெரிந்தது.

கயிறு அவிழவில்லை. நான்கு முடிச்சும் அப்படியே இருந்தன.

ஆனால் நாற்காலியின் முதுகு என் பக்கம் இருந்தது. அது முன்னால், சாலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து போகிறவர்கள் பார்ப்பது போல.

உறையை ஏற்கெனவே ஒட்டி அனுப்பிவிட்டேன். இதை அந்தக் கடிதத்தில் சேர்க்க முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.